ஆட்டோவில் ரெகுலேட்டர், சிடிஐ மாட்டுற பிராக்கெட் திரும்பத் திரும்ப விரிசல் விடுது. வெல்டிங் நிக்கல, என்ன பண்ணலாம்?

வடசென்னை_மூணுசக்கரம்

வண்டி நாலு ஸ்ட்ரோக், ஒத்த சிலிண்டர், பெட்ரோலும் எல்பிஜியும். தண்டையார்பேட்டை – கோயம்பேடு ஓட்டம், பாதி ரோடு வெட்டிப் போட்ட ரோடு.

பின்னாடி என்ஜின் ரூம் தகட்டுல எல் மாதிரி மடிச்ச பிராக்கெட் ஒண்ணு இருக்கு. ஏறக்குறைய 80 மி.மீ வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜை அளவா வைக்கிற பெட்டி), சிடிஐ (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி குடுக்கிற பெட்டி), ஸ்டார்ட்டர் ரிலே மூணும் அதுலதான் தொங்குது. மடிப்புலயே விரிசல். ரெண்டு தடவ ஆர்க் வெல்டிங் வெச்சாச்சு. முதல் தடவ வெல்டே விட்டுது. ரெண்டாவது தடவ வெல்டு அப்படியே இருக்கு, அதுக்கு 5 மி.மீ பக்கத்துல புதுசா கிழிஞ்சிருக்கு.

அதிர்வு குறையட்டும்னு ரெகுலேட்டர் அடியில சைக்கிள் டியூப் வெட்டி வாஷர் மாதிரி போட்டிருக்கு. போட்ட பிறகு ரெண்டு ஹெட்லைட் பல்பு போச்சு, பேட்டரியில தண்ணி சீக்கிரம் குறையுது. இக்னிஷன் காயில் போல்ட்டும் அப்பப்போ லூஸ் ஆகுது, அப்போல்லாம் என்ஜின் மிஸ்ஸிங், விட்டு விட்டு அடிக்குது.

கேள்வி மூணு. எந்த ரப்பர் போடணும்? மறுபடி வெல்டிங்கா, புது பிராக்கெட்டா? சாமான் சென்னையில எங்க கிடைக்கும்?

---

ரிச்சி_வயர்

அண்ணே, முதல்ல அந்த டியூப் வாஷரை இன்னைக்கே கழட்டுங்க. பல்பு போறதுக்கும் பேட்டரி தண்ணி குறையறதுக்கும் காரணம் அங்கதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெகுலேட்டர்ல சிலதுக்கு தனி எர்த் வயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி) வரும். சிலதுக்கு அதோட அலுமினிய உடம்பே எர்த். உடம்பு எர்த் உள்ளதை ரப்பர் மேல உக்கார வெச்சா, போல்ட் வழியா ஏதோ கொஞ்சம் தொடுற எர்த்தை நம்பித்தான் அது ஓடுது. போல்ட் லூஸ் ஆனா அதுவும் போச்சு. அப்புறம் என்ன ஆகும்ங்கறது சார்ஜிங் வகையைப் பொறுத்தது:

மேக்னட்டோ (என்ஜின் சுத்தறப்போ கரண்ட் உண்டாக்குறது) காயிலோட ஒரு முனை எர்த்துல இருக்கிற வகைன்னா, ரெகுலேட்டர் கூடுதல் கரண்டை எர்த்துக்குத் தள்ளித்தான் வோல்டேஜைப் பிடிச்சு வைக்குது. எர்த் இல்லேன்னா தள்ள இடமில்ல. ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க வோல்டேஜ் ஏறும், பல்பு போகும், பேட்டரி கொதிக்கும். உங்க வண்டி காட்டுறது இதைத்தான்.

மேக்னட்டோவுல இருந்து மூணு மஞ்சள் வயர் வர்ற வகைன்னா நேர்மாறு. எர்த் விட்டா பேட்டரிக்கு சார்ஜே ஒழுங்கா ஏறாது.

சோதனை ரெண்டு நிமிஷம். என்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், கொஞ்சம் ரேஸ் குடுத்து வையுங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முள்ளை ரெகுலேட்டர் உடம்புல, பெயின்ட் இல்லாத இடத்துல அழுத்துங்க. இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ் முனையில. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் சரி. 0.3 தாண்டினா எர்த்தை சரி பண்ணாம வேற எதையும் மாத்தாதீங்க. அப்புறம் பேட்டரி ரெண்டு முனையிலயும் பாருங்க: ரேஸ்ல 13.8 முதல் 14.5 வரைக்கும் இருக்கணும். 15 தாண்டிச்சுன்னா ஓவர் சார்ஜ்.

இன்னொரு விஷயம் சூடு. ரெகுலேட்டர் தன் சூட்டை அது உக்கார்ந்திருக்கிற தகட்டுக்குத்தான் கடத்துது. ரப்பர் வெச்சா அந்த வழியும் அடைபட்டுப் போச்சு. அதனால ரெகுலேட்டருக்கு ரப்பரே கூடாது. உலோகத்தோட உலோகம், நடுவுல மெல்லிசா தெர்மல் பேஸ்ட்.

காயிலும் அப்படித்தான். பிரைமரிக்கு (கரண்ட் உள்ள வர்ற பக்கம்) ஒத்த வயர் மட்டும் வர்ற காயிலுக்கு ரிட்டர்ன் பாதையே அந்த மவுண்ட் போல்ட்தான். அது லூஸ்னா மிஸ்ஸிங் வராம என்ன செய்யும். பிளக்கையும் சிடிஐயையும் மாத்திப் பாத்துக் காசை விடாதீங்க.

---

புதுப்பேட்டை_ஸ்பேனர்

எர்த் பத்தி மேல சொன்னது நூத்துக்கு நூறு. நான் தகடு வேலை மட்டும் சொல்றேன்.

வெல்டு பக்கத்துல கிழிஞ்சதுன்னா வெல்டர் மேல மட்டும் குத்தம் இல்ல. 1.2 மி.மீ தகட்டை ஆர்க் ராடால சுட்டா வெல்டு கட்டி கெட்டியா நிக்கும், ஓரத்துத் தகடு சூட்டுல வாடி பலம் போயிடும். கெட்டியும் மெலிசும் சேர்ற அந்தக் கோட்டுல அத்தனை ஆட்டமும் வந்து விழும். மடிப்பு மேலயே வெல்டு வெச்சா இன்னும் மோசம், ஏன்னா அங்கதான் ஏற்கனவே வளையுது.

எல்பிஜி வண்டி வேற. கேஸ் சிலிண்டர் உள்ள இருக்கும்போது என்ஜின் ரூம்ல நெருப்பு கூடவே கூடாது. வால்வை மூடினா போதும்னு யாராவது சொன்னா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. சிலிண்டரை கேஸ் கிட் போடுற சென்டர்ல முறையா இறக்கிட்டுத்தான் வெல்டிங். அந்த அலைச்சலுக்கு போல்ட் போட்ட ரிப்பேரே மேல். வெல்டே இல்லாம முடிக்கலாம்:

1. பேட்டரி நெகட்டிவ் முதல்ல, பாசிட்டிவ் அப்புறம் கழட்டுங்க. மூணு சாமானையும் இறக்கிடுங்க. பழைய பிராக்கெட்டைத் தூக்கிப் போடுங்க, அதை ஒட்ட வெக்க வேணாம்.

2. இனி பாடி தகட்டைப் பாருங்க. பிராக்கெட் கிழிஞ்சா அது உக்கார்ந்த தகட்டுலயும் ஸ்பாட் வெல்டு சுத்தி மயிரிழை விரிசல் இருக்கும். கண்ணுக்குத் தெரியலேன்னா மண்ணெண்ணெய் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு நல்லா துடைச்சு, மேல சாக்பீஸ் தூள் தூவுங்க. விரிசல்ல ஊறின எண்ணெய் கோடா வெளிய வரும். கோடு முடியற நுனியில 3 மி.மீ ஓட்டை போடுங்க. விரிசல் அதுக்கு மேல சுலபமா ஓடாது. நுனிக்கு முன்னாடி போட்டா வீண், சரியா நுனியில விழணும்.

3. பேக்கிங் பிளேட்: 2 மி.மீ எம்எஸ் (சாதா இரும்பு) தகடு, 120க்கு 80. விரிசல் எல்லா பக்கமும் 25 மி.மீயாவது மூடணும். நாலு மூலையையும் 10 மி.மீ வளைவா அரம் போடுங்க. கூர் மூலை விட்டா அந்த மூலையில இருந்தே அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். 5 மி.மீ பட்டை வெச்சா இன்னும் பலம்னு சில பேர் வெப்பாங்க. வெக்காதீங்க, பட்டை நிக்கும், பாடி தகடு கிழியும்.

4. நாலு எம்6 போல்ட், 8.8 கிரேட், பெரிய வாஷர், நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வெச்சது, தானா கழலாது). ஓட்டை தகட்டு ஓரத்துல இருந்து குறைஞ்சது 12 மி.மீ உள்ள. ஓட்டையோட பிசிறை எடுத்துடுங்க. முறுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லேன்னா சின்ன 10 நம்பர் ஸ்பேனர்ல ஒரு கை பலம், பைப் மாட்டி இழுக்காதீங்க. ஸ்பிரிங் வாஷர் இந்த ஆட்டத்துல பெருசா ஒண்ணும் செய்யாது, முறுக்கினதும் அதுவும் தட்டை வாஷர் ஆயிடும்.

5. பின்பக்கம் கை போகலேன்னா ரிவெட் நட் (முன்பக்கம் இருந்தே தகட்டுல பிடிக்க வைக்கிற மரை). எம்6க்கு 9 மி.மீ ஓட்டை. அலுமினிய பாப் ரிவெட் வேணாம், கொஞ்ச நாள்ல ஓட்டையிலயே ஆடிக்கிட்டு நிக்கும்.

6. துருவை பளபளன்னு எடுத்து ஜிங்க் பிரைமர், மேல பெயின்ட். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வண்டி நின்னா கடல் காத்துக்கு இது இல்லாம ஒரு மழைக்காலம் தாங்காது. எர்த் லக் (வயர் முனை வளையம்) உக்கார்ற இடம் மட்டும் 15 மி.மீ வட்டம் வெறும் தகடா விட்டு, முறுக்கின பிறகு மேல வாசலின் பூசுங்க.

பெயின்ட் காயறதுக்குள்ள என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்க. இதைப் பாக்காம மேல சொன்ன எல்லாம் செஞ்சும் பிரயோஜனம் இல்ல. என்ஜினை ஜாக்கியில லேசா தாங்கி டயர் லிவரால நெம்புங்க. ரப்பர் ரெண்டு மூணு மி.மீ குடுத்துத் திரும்பணும். வெடிச்சிருந்தா, ஆயில் ஊறி உப்பியிருந்தா, இரும்பும் இரும்பும் தொட்டிருந்தா மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தாம ஜோடியா மாத்துங்க. சைலென்சர் கிளாம்ப்பையும் பாருங்க. அதை யாராவது ரப்பர் இல்லாம பாடியோட இறுக்கியிருந்தா, என்ஜின் ரப்பர் புதுசா இருந்தும் அதிர்வு சைலென்சர் வழியா பாடிக்கு ஏறிடும்.

---

வடசென்னை_மூணுசக்கரம்

நன்றி அண்ணே. எர்த் டெஸ்ட்ல 0.9 காட்டுது! டியூப் வாஷர் எடுத்துட்டு சுரண்டி இறுக்கினா 0.05.

ஆனா ஒரு சந்தேகம். ரெகுலேட்டருக்கு ரப்பர் வேணாம் சரி. சிடிஐக்கு கடையில ரெண்டு பக்கமும் போல்ட் வெச்ச உருளை ரப்பர் விக்கிறாங்களே, நாலு வாங்கி மாட்டினா நல்லதுதானே?

---

அம்பத்தூர்_லேத்

அந்த ரப்பர் ஜெனரேட்டர், கம்ப்ரசர் மாதிரி கனமான சாமானுக்கு. சிடிஐக்கு மாட்டினால் பெரும்பாலும் அதிர்வு கூடும். கணக்குப் போட்டே காட்டலாம்.

ஒத்த சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் உதறல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. ஐடிலிங் 1300 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 22 தடவை. 2500ல் 42 தடவை. 4500ல் 75 தடவை. ஆக உங்கள் வண்டியில் 22 முதல் 75 வரை எல்லா எண்ணிக்கையும் தினமும் வந்து போகும்.

ரப்பர் மேல் உட்கார்ந்த எந்தப் பொருளுக்கும் அதற்கென்று ஓர் ஆட்ட எண்ணிக்கை உண்டு, அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை தடவை தானாக ஆடும் என்பது. வெளியிலிருந்து வரும் அதிர்வு அந்த எண்ணிக்கையைப் போல் 1.4 மடங்கு தாண்டிய பிறகுதான் ரப்பர் அதைக் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே குறைக்காது, கூட்டும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் பல மடங்கு கூட்டும்.

இப்போது சிடிஐயும் அதன் தகடும் சேர்ந்து 600 கிராம் என்று வையுங்கள். ரப்பர் ஒன்று பக்கவாட்டில் 1 மி.மீ அசைய ஏறக்குறைய 1 கிலோ பாரம் வேண்டும் என்று வையுங்கள். நாலும் சேர்ந்து 4 கிலோ. இதற்கு ஆட்ட எண்ணிக்கை நொடிக்கு 41 வரும். அது 2460 ஆர்பிஎம். அதாவது சிட்டிக்குள் நீங்கள் அதிக நேரம் ஓட்டுகிற வேகத்திலேயே சிடிஐ குதித்துக்கொண்டிருக்கும்.

சரி, இன்னும் மெத்தென்ற ரப்பர் போடலாமா? 22ஐ 1.4ஆல் வகுத்தால் 16. ஐடிலிங்கிலேயே பலன் கிடைக்க ஆட்ட எண்ணிக்கை 16க்குக் கீழே வர வேண்டும். அதற்குப் பொருளின் சொந்த எடைக்கே ரப்பர் 1 மி.மீக்கு மேல் அமுங்க வேண்டும். 600 கிராமுக்கு அப்படி அமுங்குகிற ரப்பர் பஞ்சு மாதிரி இருக்கும். வெட்டிப் போட்ட ரோட்டில் ஒரு பள்ளம் இறங்கினால் பிய்ந்துவிடும்.

ஆகவே லேசான சாமானுக்கு எதிர்வழிதான் சரி. பிராக்கெட்டை விறைப்பாக்கி அதன் எண்ணிக்கையை 75க்கு வெகு மேலே தள்ளிவிடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் தகட்டின் விறைப்பு நீளத்தின் கன அளவில் மாறும். 80 மி.மீயை 40 ஆக்கினால் 8 மடங்கு விறைப்பு, ஆட்ட எண்ணிக்கை 2.8 மடங்கு. இரண்டு ஓரமும் 10 மி.மீ மடித்துத் தொட்டி மாதிரி ஆக்கினால் அதற்கு மேலும். தகட்டை 2 மி.மீக்கு மேல் தடிப்பாக்க வேண்டிய அவசியமே இல்லை. மடிப்பின் உள்வளைவு 3 மி.மீயாவது இருக்கட்டும். சுத்தியலால் வைஸில் வைத்து அடித்துக் கூர்மையாக மடித்தால் அந்தக் கோட்டிலேயே விரிசலுக்கு விதை போட்டாயிற்று. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் பிரெஸ் பிரேக் (தகடு மடிக்கும் இயந்திரம்) உள்ள எந்தப் பட்டறையிலும் இதை ஒரே ஒரு துண்டு கூட மடித்துத் தருவார்கள்.

எங்கே குதிக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி: சாமான் மேல் வெள்ளை மார்க்கரில் ஒரு புள்ளி வையுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலிங்கிலிருந்து மெதுவாக ரேஸ் ஏற்றுங்கள். ஏதோ ஒரு வேகத்தில் புள்ளி நீண்டு கோடாகத் தெரியும். அதுதான் அந்த பிராக்கெட்டின் எண்ணிக்கை. போனில் ஸ்லோமோஷன் எடுத்தால் இன்னும் தெளிவு. வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். எந்த ரேஸிலும் புள்ளி புள்ளியாகவே இருக்க வேண்டும்.

---

ரிச்சி_வயர்

லேத் சாரோட கணக்கு பிரமாதம். அப்போ யாரை எங்க உக்கார வெக்கணும்னு பிரிச்சிடலாம். மூணு பேரும் ஒரே பிராக்கெட்ல தொங்கறதுதான் அடிப்படைத் தப்பு.

ரெகுலேட்டர் இனிமே பிராக்கெட்லயே வேணாம். ஸ்பேனர் அண்ணன் சொன்ன பேக்கிங் பிளேட் மேல நேரா போல்ட். பாரத்துல பெரும்பங்கு அங்கேயே கழிஞ்சிடும். உடம்புல இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒண்ணு, ரெண்டு முனையிலயும் 6 மி.மீ ரிங் லக், பேட்டரி நெகட்டிவுக்கு நேரா இழுங்க. பாடி எர்த்தை மட்டும் நம்பாதீங்க.

சிடிஐக்கும் ரிலேக்கும் கம்பெனி ரப்பர் உறை வரும், தகட்டு நாக்குல சொருகற மாதிரி. அது அதிர்வை வடிகட்ட இல்ல, சாமான் தகட்டுல உரசி உடையாம இருக்க. உறை தளர்ந்து கையால ஆட்டினா கடகடன்னா புது உறை போடுங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஸ்பேர்ஸ் கடைகள்ல தனியா கேளுங்க. புதுப்பேட்டையில பழைய பிராக்கெட், கிளாம்ப், உறை வாங்கலாம். பழைய ரெகுலேட்டரும் சிடிஐயும் அங்க வாங்க வேணாம், கடையில ஓட்டிப் பாக்க முடியாது.

ஹாரன் பிராக்கெட் ஆடுதேன்னு அதையும் சேத்து விறைப்பாக்கிடாதீங்க. அது ஸ்பிரிங் பட்டை, ஆடத்தான் வெச்சிருக்கு. இறுக்கினா ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்தும்.

அப்புறம் வயர். பிராக்கெட் சரியானாலும் வயர் அறுந்தா அதே தொல்லைதான். கனெக்டர்ல இருந்து வர்ற வயரோட முதல் கிளிப், சாமான் எதோட சேர்ந்து ஆடுதோ அதுலயே இருக்கணும், 75 முதல் 100 மி.மீக்குள்ள. முதல் கிளிப்பை சேசிஸ்ல போட்டா, ஒரு முனை ஆடி ஒரு முனை நின்னு, கிரிம்ப் (லக்கை நசுக்கி வயரைப் பிடிச்ச இடம்) வாயில கம்பி உள்ளுக்குள்ளயே ஒவ்வொண்ணா அறுந்துடும். மேல பிளாஸ்டிக் நல்லா இருக்கும், அதனால கண்ணுக்குத் தெரியாது. இழுத்துப் பாத்தா ரப்பர் மாதிரி நீளுதுன்னா உள்ள கம்பி இல்ல. லக்கை ஈயம் வெச்சு நிரப்பாதீங்க. ஈயம் ஏறின இடம் விறைச்சு, அது முடியற எடத்துல கம்பி முறியும். நல்ல கிரிம்ப், மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ரிச்சி ஸ்ட்ரீட்ல கனெக்டர், ஸ்லீவ், தெர்மல் பேஸ்ட் எல்லாம் ஒரே சந்துல முடிஞ்சிடும்.

---

ஈ_ஆட்டோ_ஓஎம்ஆர்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எலெக்ட்ரிக் ஆட்டோவுல கன்ட்ரோலர் போல்ட் கழண்டு ஆடுது. அதே வைத்தியம்தானா?

---

அம்பத்தூர்_லேத்

பாதிதான். அங்கே என்ஜின் உதறல் இல்லை, பள்ளத்தில் இறங்கும் அடிதான். விரிசலை விட போல்ட் கழல்வதும், தடித்த கேபிள் தன் பாரத்தாலேயே முனையை இழுத்துத் தளர்த்துவதும்தான் அதிகம். கன்ட்ரோலரும் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற சாமான், ரப்பர் கூடாது. கேபிளுக்கு முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கிளாம்ப் வையுங்கள். கைவைக்கும் முன் மெயின் எம்சிபியை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி சில நிமிஷம் விட்டு, முனைகளில் மீட்டர் வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். வெல்டிங் பக்கமே போகாதீர்கள்.

---

வடசென்னை_மூணுசக்கரம்

பிளேட் வேலை முடிஞ்சிது, ரெகுலேட்டர் இடம் மாறிடுச்சு, 40 மி.மீ பிராக்கெட் மடிக்கக் குடுத்தாச்சு. என்ஜின் ரப்பர் ஒரு பக்கம் இரும்பு தொடுது, ரெண்டும் மாத்தணும்.

கடைசி ரெண்டு. காயில் போல்ட்டுக்கு லாக்டைட் (மரை கழலாம பிடிக்கிற பசை) போடலாமா, எர்த் போயிடுமா? பியூஸ் பாக்ஸ் கிராமெட் ரப்பர்ல (ஓட்டையில உக்கார்ற ரப்பர் வளையம்) நிக்குது, அந்த போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் ரெண்டு வாரத்துல லூஸ்.

---

புதுப்பேட்டை_ஸ்பேனர்

காயிலுக்கு நீல லாக்டைட் 243, மரையில ஒரே சொட்டு, எண்ணெய் இல்லாம துடைச்சிட்டு. எர்த் மரை வழியா போறத விட காயில் காதும் தகடும் ஒட்டுற முகம் வழியாத்தான் போகணும். அந்த ரெண்டு முகத்தையும் சுரண்டி வையுங்க, அங்க லாக்டைட் படக் கூடாது. பியூஸ் பாக்ஸ் பக்கம் லாக்டைட்டைக் கொண்டு போகாதீங்க, சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வெச்சிடும். அங்க நைலாக் நட் போதும்.

பியூஸ் பாக்ஸ் லூஸ் ஆகறது போல்ட் தப்பில்ல. கிராமெட் நடுவுல இருந்த ஸ்பேசர் குழாய் (போல்ட்டைச் சுத்தி நிக்கிற சின்ன இரும்புக் குழாய்) எங்கயோ கழண்டு விழுந்திருக்கும். அது இல்லாம இறுக்கினா போல்ட் ரப்பரைத்தான் நசுக்குது, ரப்பர் நாளாக நாளாக அமுங்க, போல்ட் பிடி விட்டுடும். குழாய் வெச்சா போல்ட் இரும்புல முட்டி நிக்கும், ரப்பர் தன் வேலையைப் பாக்கும்.

---

வடசென்னை_மூணுசக்கரம்

ஆமா, மூணுல ஒண்ணுலதான் குழாய் இருக்கு. கிராமெட் உயரம் 12 மி.மீ, போல்ட் எம்6. லேத்துல என்ன அளவு சொல்லணும்?

---

அம்பத்தூர்_லேத்

உள்விட்டம் 6.5, வெளிவிட்டம் 9, உயரம் 10.5. கிராமெட் ஓட்டை 9க்குச் சின்னதாக இருந்தால் வெளிவிட்டத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் 12 ஆக்கிவிடாதீர்கள், ரப்பர் அமுங்காமல் பெட்டி கடகடக்கும். இரண்டு பக்கமும் கிராமெட்டை மூடுகிற அளவு அகல வாஷர். இரண்டு புதுக் குழாய், இருக்கிற ஒன்று 10.5 இல்லையென்றால் மூன்றாகவே போட்டுவிடுங்கள்.